கணினி கேள்வி–பதில்: பூட்டா, சாவியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: மின்னஞ்சல் மென்பொருள் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறது. பிரிண்டர், வைஃபை கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரிப்பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, என் பெயரில் ஒன்று என்று மூன்று மின்னஞ்சல் முகவரிகள். மூன்றையும் ஒரே கணினியில் தண்டர்பேர்டு மென்பொருளில் பார்க்கிறோம். மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் போய்க் கணினி பட்டென்று அணைந்தது. அன்றிலிருந்து தண்டர்பேர்டைத் திறக்கும்போதெல்லாம் மூன்று கடவுச்சொற்களையும் கேட்கிறது. ‘நினைவில் வைத்துக்கொள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுத்தான் கொடுக்கிறோம். மூடித் திறந்தால் மறுபடியும் கேட்கிறது. கணினி விற்றவர், ‘ஃபார்மட் செய்தால்தான் சரியாகும்’ என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட நினைத்தேன். நீங்கள் எண் எழுதவில்லை. கடவுச்சொல் கேட்கிறது என்பதற்காகக் கணினியை ஃபார்மட் செய்வது, பெட்டியின் சாவியைக் காணோம் என்று வீட்டை இடிப்பதற்குச் சமம். அதிலும் உங்களைப் போன்ற வியாபாரிகள் பலர் கடிதங்களை ‘பாப்’ முறையில் இறக்கிக்கொள்கிறார்கள். அந்த முறையில் கடிதம் சர்வரிலிருந்து உங்கள் கணினிக்கு வந்துவிடும். சர்வரில் பிரதி தங்க வேண்டும் என்று குறித்திருந்தால் ஒழிய, உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. ஃபார்மட் செய்தால் பத்து வருட ஆர்டர்களும் பில்களும் போய்விடும். கடவுச்சொல்லை ஒரு நிமிடத்தில் புதிதாகக் கொடுத்துவிடலாம், கடிதங்களை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்கு அருகே நடைபாதையில் உட்கார்ந்து பூட்டும் சாவியும் பழுது பார்த்தவர். வீடு திறக்கவில்லை என்று யார் மூச்சு வாங்க ஓடி வந்தாலும் சுத்தியலைக் கையில் எடுக்க மாட்டார். ‘சாவி தொலைந்ததா, பூட்டு இறுகிவிட்டதா?’ என்று முதலில் கேட்பார். சில நேரம் இரண்டும் இருக்காது; வீட்டுக்காரர் வந்து வேறு பூட்டு மாட்டிவிட்டுப் போயிருப்பார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மஞ்சக்குப்பத்தில் கணினி பழுது பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கணினியில் அதைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். நாளைக் காலை கடவுச்சொல் கேட்கும்போது ஒன்றும் கொடுக்காதீர்கள், ‘கேன்சல்’ அழுத்திவிடுங்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குப் போய், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யைத் திறந்து, கீழே ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் மூன்று முகவரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இருந்தும் கேட்கிறது என்றால் மென்பொருள் எதையும் மறக்கவில்லை. அது சொல்லும் கடவுச்சொல்லைச் சர்வர் ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பின் பட்டியலில் பழையதே கிடக்கலாம், அந்த வரியை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுத்தால் போதும். பட்டியல் காலியாக இருந்தால் சேமிப்பதுதான் நடக்கவில்லை. மின்சாரம் போன கதையை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

தண்டர்பேர்டு கடவுச்சொற்களை எங்கே வைக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ‘புரொஃபைல்’ என்ற ஒரு கோப்புறை இருக்கிறது. உங்கள் கடிதங்கள், முகவரிப் புத்தகம், கணக்கு விவரங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதில் இரண்டு கோப்புகள் நமக்கு முக்கியம். ஒன்றின் பெயர் ‘லாகின்ஸ்’, பின்னொட்டு ‘ஜேசன்’. இன்னொன்றின் பெயர் ‘கீ4’, பின்னொட்டு ‘டிபி’. மிகப் பழைய பதிப்பாக இருந்தால் 4க்குப் பதில் 3 இருக்கும். விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்திருந்தால் பெயர் மட்டும் தெரியும். முதல் கோப்பு பெட்டி: கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றப்பட்டு, அதில் கிடக்கின்றன. இரண்டாவது அந்தப் பெட்டியின் சாவி. ஒன்று கெட்டாலும் மற்றது பயன்படாது. ஒரு கணினியின் பெட்டியை இன்னொரு கணினியின் சாவியோடு சேர்த்து வைத்தாலும் திறக்காது.

‘ஹெல்ப்’ பட்டியில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் திறந்தால் அந்தக் கோப்புறைக்குப் போகும் பொத்தான் இருக்கும். உள்ளே போய், கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை டிக் போட்டுக் கடவுச்சொல் கொடுத்திருந்தால் ‘லாகின்ஸ்’ கோப்பில் இன்றைய தேதி இருக்க வேண்டும். மின்சாரம் போன அன்றைய தேதியிலேயே அது நின்றிருந்தால், அன்றிலிருந்து அதில் எதையும் எழுத முடியவில்லை என்று பொருள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்கு அடுத்த வாரம் கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். தரையில் சேறு காயவில்லை. கணினியை மேசைக்கு மேல் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்தார்கள். முதலாளி அம்மாள் கடவுச்சொல்லை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதி, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருபது தடவை அடிப்பதாகச் சொன்னார். அந்தக் கோப்புறையைத் திறந்தால் ‘லாகின்ஸ்’ கோப்பின் அளவு பூஜ்யம். எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது. பெட்டி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பெயரை மாற்றி ஒதுக்கி வைத்தோம், தண்டர்பேர்டு புதிய கோப்பை உண்டாக்கிக்கொண்டது. ஐந்து நிமிட வேலை. அந்த அம்மாள் மூடித் திறந்து பார்த்து, மறுபடி மூடித் திறந்து பார்த்து, பிறகுதான் பில்லை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள். முதலில் தண்டர்பேர்டை மூடுங்கள். புரொஃபைல் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். கடிதங்கள் நிறைய இருந்தால் நேரமாகும், காத்திருங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகவே கூடாது. அடுத்து ‘லாகின்ஸ்’ கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘பழையது’ என்று சேர்த்துவிடுங்கள். அழிக்க வேண்டாம். ‘லாகின்ஸ் பேக்கப்’ என்று இன்னொரு கோப்பு இருந்தால் அதற்கும் அப்படியே. ‘கரப்ட்’ என்று வால் முளைத்த கோப்பும் சில நேரம் கிடக்கும். கோப்பு கெட்டுப்போனதைத் தண்டர்பேர்டே கண்டுபிடித்து ஒதுக்கியதற்கு அது அடையாளம், அதைத் தொட வேண்டாம். இனித் தண்டர்பேர்டைத் திறந்து மூன்று கடவுச்சொற்களையும் டிக் போட்டுக் கொடுங்கள்.

இங்கேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கடிதம் வாங்குவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு வேறு சர்வர். தண்டர்பேர்டு இரண்டுக்கும் தனித்தனியாகக் கடவுச்சொல் வைத்துக்கொள்கிறது. எனவே ஒவ்வொரு முகவரியிலிருந்தும் உங்களுக்கே ஒரு வரிக் கடிதம் அனுப்புங்கள். அனுப்பும்போது கேட்கும், அப்போதும் டிக் போடுங்கள். பிறகு பட்டியலைத் திறந்தால் மூன்று கணக்குக்குப் பொதுவாக ஆறு வரிகள் இருக்கும். ‘மெயில்பாக்ஸ்’ அல்லது ‘ஐமேப்’ என்று தொடங்குபவை வாங்குவதற்கு, ‘எஸ்எம்டிபி’ என்று தொடங்குபவை அனுப்புவதற்கு. ‘வரும் கடிதம் வருகிறது, அனுப்பும்போது மட்டும் கேட்கிறது’ என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

இதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் சாவிக் கோப்பும் கெட்டிருக்கிறது. ‘கீ4’ கோப்பின் பெயரையும் அதே போல மாற்றுங்கள். ஆனால் கணக்குப்பிள்ளை மின்னஞ்சலில் டிஜிட்டல் கையொப்பம் போடுகிறாரா என்று கேட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். அந்தக் கையொப்பத்தின் ரகசியச் சாவியும் அதே கோப்பில்தான் இருக்கிறது. மறையாக்கம் செய்து கடிதம் அனுப்புபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அப்படி ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. கணினி விற்றவர், வேகமாக ஓடட்டும் என்று ‘சுத்தம் செய்யும்’ மென்பொருள் ஏதாவது போட்டுக் கொடுத்திருக்கிறாரா? கணினியை அணைக்கும்போதோ திறக்கும்போதோ தானாக ஓடி, சேமித்த கடவுச்சொற்களையும் குப்பையென்று கூட்டித் தள்ளும் மென்பொருள்கள் உண்டு. மாலையில் பட்டியலில் இருந்த வரிகள் காலையில் இல்லையென்றால் அதைத்தான் முதலில் நீக்க வேண்டும். வன்தட்டில் இடம் தீர்ந்திருந்தாலும் சேமிப்பு நடக்காது. அதோடு ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்கள். பண்ருட்டியில் மழைக்காலத்து மின்சாரம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: புதுச்சேரி லாசுப்பேட்டையில் வசிக்கிறேன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அனுப்ப வேண்டும். அது தொடர்பான கடிதங்கள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. தண்டர்பேர்டு கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு கடையில் கொடுத்தோம். நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். இப்போது கடவுச்சொல் கேட்பதில்லை. ஆனால் அப்பா காலத்துக் கடிதங்கள் ஒன்றுகூட இல்லை. அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பதில்: அம்மாவிடம் இதை இப்போதே படித்துக் காட்டுங்கள்: கடிதங்கள் பெரும்பாலும் அந்தக் கணினியிலேயே இருக்கின்றன.

தண்டர்பேர்டை நீக்கும்போது மென்பொருள்தான் போகிறது. புரொஃபைல் கோப்புறை அப்படியே இருக்கும். திரும்பப் போடும்போது சில நேரம் பழைய கோப்புறையை எடுத்துக்கொள்ளாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். கடைக்காரர் புதியதை மட்டும் பார்த்து வேலை முடிந்தது என்று கொடுத்திருக்கிறார். வன்தட்டையே அழித்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படித் தெரியவில்லை. என்றாலும், தேடி முடிக்கும் வரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் போடாதீர்கள், பெரிய படங்கள் எதையும் இறக்காதீர்கள்.

விசைப்பலகையில் விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஆப்டேட்டா என்று தட்டி, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி போட்டு என்டர் அழுத்துங்கள். திறக்கும் இடத்தில் தண்டர்பேர்டு, அதற்குள் புரொஃபைல்ஸ். அங்கே அர்த்தமில்லாத எட்டு எழுத்துகளும், ஒரு புள்ளியும், ‘டிஃபால்ட்’ என்ற சொல்லும் சேர்ந்த பெயரில் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றின் மீதும் வலது பொத்தானை அழுத்தி அளவைப் பாருங்கள். சில எம்பி அளவில் இருப்பது கடை போட்டுக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான எம்பியோ, ஜிபி கணக்கிலோ இருப்பது அப்பாவுடையது.

கண்டுபிடித்ததும் இரண்டு கோப்புறைகளையும் பென்டிரைவில் நகலெடுங்கள். பிறகு தண்டர்பேர்டில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்திலிருந்து புரொஃபைல்களின் பட்டியலுக்குப் போய், பழையதற்கு நேரே ‘செட் ஆஸ் டிஃபால்ட் புரொஃபைல்’ என்பதை அழுத்தி, மூடித் திறங்கள். அப்பாவின் கடிதங்கள் வந்துவிடும். கூடவே கடவுச்சொல் கேட்கும் பழைய நோயும் வரும். அதற்கு மேலே பண்ருட்டிக்காரருக்குச் சொன்ன மருந்தைக் கொடுங்கள். கடையிலிருந்து வந்த பிறகு இறங்கிய புதிய கடிதங்கள் புதிய கோப்புறையில் இருக்கலாம், அதனால் அதையும் அழிக்காதீர்கள்.

ஓர் ஓய்வூதியக் கடிதம் ஒரே ஒரு கணினியில் மட்டும் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. பிரான்சிலிருந்து வந்தவற்றை அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு அம்மாவின் அலமாரியில் வைத்துவிடுங்கள். பழுது பார்க்க எங்கே கொடுத்தாலும், ‘கடிதங்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, அதை முதலில் நகலெடுத்தீர்களா?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம், கல்லூரி மாணவி. அப்பாவின் ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் போட்டுக் கொடுத்தேன். கடவுச்சொல் தவறு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதே கடவுச்சொல்லில் கைப்பேசியில் திறக்கிறது. அப்பா என்னைத்தான் திட்டுகிறார்.

பதில்: உன் மேல் தவறில்லை அம்மா, அப்பாவிடம் சொல். 2022 மே 30 முதல், பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து உள்ளே வரும் வெளி மென்பொருள்களைக் கூகுள் ஏற்பதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் ‘தவறு’ என்றே பதில் வரும். அந்த ஒரு சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்டும் 2024 செப்டம்பர் 16 முதல் இதே கதவை அடைத்துவிட்டது.

‘அக்கவுன்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சர்வர் செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஆதென்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘நார்மல் பாஸ்வேர்டு’ என்பதை ‘ஓஆத்2’ என்று மாற்று. பட்டியலின் அடியில் இருக்கும் அனுப்பும் சர்வருக்கும் அதையே செய். சேமித்த கடவுச்சொற்கள் பட்டியலில் ஜிமெயிலின் பழைய வரிகளை நீக்கிவிடு. அடுத்த முறை திறந்ததும் கூகுளின் சொந்த ஜன்னல் வரும்; அதில் ஒருமுறை உள்ளே போய் அனுமதி கொடுத்தால் போதும். அப்போது தண்டர்பேர்டு சேமிப்பது அப்பாவின் கடவுச்சொல்லை அல்ல, கூகுள் கொடுக்கும் ஓர் அனுமதிச் சீட்டை.

ஜன்னல் வந்து வந்து மறைகிறது, அல்லது உள்ளே போன பிறகும் மறுபடி கேட்கிறது என்றால், தண்டர்பேர்டின் ‘பிரைவசி’ பகுதியில் குக்கீகளை, அதாவது இணையதளங்கள் நம் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை, ஏற்கும் கட்டம் டிக் இல்லாமல் இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்து யாரோ அதை எடுத்திருப்பார்கள். போட்டுவிடு.

ஓஆத்2 வசதியே இல்லாத பழைய மென்பொருளாக இருந்தால் மட்டும் ‘ஆப் பாஸ்வேர்டு’ வாங்கிக்கொள்ளலாம். கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு 16 எழுத்துள்ள ஒரு சொல் கிடைக்கும், அதை வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும், அப்பா ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த அனுமதி ரத்தாகிவிடும், எல்லாம் மறுபடி கேட்கும். அது பழுதல்ல, பூட்டை மாற்றினால் பழைய சாவிகள் செல்லாது.

கேள்வி: நெய்வேலி. ஓய்வு பெற்றவன். விண்டோஸில் நுழையும் கடவுச்சொல் மறந்துவிட்டது. பேரன் இன்னொரு பயனர் கணக்கின் வழியாகப் புதிய கடவுச்சொல் போட்டுக் கொடுத்தான். அன்று முதல் அவுட்லுக்கும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் கடவுச்சொல்லைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை விண்டோஸிடம் விட்டுவிடுகின்றன. விண்டோஸ், நீங்கள் உள்ளே நுழையும் கடவுச்சொல்லிலிருந்தே ஒரு சாவியைச் செய்து அவற்றைப் பூட்டுகிறது. பழையதைச் சொல்லிவிட்டு நீங்களே மாற்றினால் விண்டோஸ் எல்லாவற்றையும் புதிய சாவிக்கு மாற்றிப் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வேறொருவர் வலுக்கட்டாயமாக மாற்றினால் பழைய சாவி அதற்குக் கிடைப்பதில்லை. கணினியைத் திருடியவன் இதே வழியில் உங்கள் கடவுச்சொற்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

கணினியிலேயே உண்டாக்கிய கணக்கு என்றால், பழைய கடவுச்சொல் என்றாவது நினைவுக்கு வந்து அதையே திரும்பப் போட்டால் பழையவை மீண்டும் திறக்கும். பேரன் பிறந்த ஆண்டு, வண்டி எண் என்று நீங்கள் வழக்கமாக வைப்பவற்றைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடலாம். ‘கன்ட்ரோல் பேனல்’ திறந்து ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’, அதில் ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் என்று தொடங்கும் வரிகளையும் உங்கள் மின்னஞ்சல் முகவரி உள்ள வரிகளையும் நீக்கிவிட்டு அவுட்லுக்கைத் திறந்து புதிதாகக் கொடுங்கள். கடிதங்களுக்கு ஆபத்தில்லை. பேரன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறான்.

கேள்வி: சிதம்பரத்தில் எங்கள் அலுவலகத்தில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி, அவுட்லுக் எக்ஸ்பிரஸ். கடவுச்சொல் நிற்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏதோ ஒரு வரியை அழித்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: சரியாகலாம். ஆனால் அதைச் சொல்லித் தர எனக்கு மனமில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. இன்றைய சர்வர்கள் கேட்கும் பாதுகாப்பு மொழி அதற்குத் தெரியாது. கடவுச்சொல் நின்றாலும் பல இடங்களில் இணைப்பே கிடைக்காது. அலுவலகக் கடிதங்களை அதில் வைத்திருப்பது தவறு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு பெட்டியையும் ‘டிபிஎக்ஸ்’ என்று முடியும் ஒரு கோப்பில் வைக்கிறது. அந்தக் கோப்புகளை எல்லாம் முதலில் வெளியே நகலெடுங்கள். புதிய கணினியில் அவற்றைத் திறக்கும் வழியை அடுத்த இதழில் படிப்படியாக எழுதுகிறேன்.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். மூன்று பேர் ஒரே கணினியில் வேலை செய்கிறார்கள். கடவுச்சொல்லைத் தண்டர்பேர்டில் சேமித்து வைப்பது பாதுகாப்பா?

பதில்: இப்போது இருக்கிறபடி பாதுகாப்பில்லை. மேலே சொன்ன பெட்டியும் சாவியும் ஒரே கோப்புறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகிறவர் தன் வீட்டில் உட்கார்ந்து திறந்துவிடலாம். உங்கள் ஆட்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. அச்சகத்துக்குள் ஒரு நாளில் எத்தனை பேர் பென்டிரைவோடு வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் அதே பகுதியில் ‘யூஸ் எ பிரைமரி பாஸ்வேர்டு’ என்ற கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டு ஒரு முதன்மைக் கடவுச்சொல் வையுங்கள். அது சாவிக்கே போடும் பூட்டு. தண்டர்பேர்டைத் திறக்கும்போது ஒரே ஒரு முறை கேட்கும். அதைக் கண்டு ‘மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது’ என்று பதறிவிடாதீர்கள். கேட்கும் ஜன்னலில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அது கணக்கின் கடவுச்சொல், முகவரி இல்லாமல் ‘பிரைமரி’ என்று இருந்தால் இது. அதோடு மூன்று பேருக்கும் விண்டோஸில் தனித்தனிப் பயனர் கணக்கு உண்டாக்கிக் கொடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அதை யாராலும் மீட்டுத் தர முடியாது, என்னாலும் முடியாது. அதை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்; அப்போது சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் போகும், கடிதங்கள் இருக்கும். ஆகவே அதை ஒரு தாளில் எழுதி, அச்சகத்தில் வைக்காமல், வீட்டில் ரேஷன் அட்டையும் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். எதற்கான கடவுச்சொல் என்பதை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம், வீட்டில் ஒருவரிடம் வாயால் சொல்லி வையுங்கள்.